ஆர்கிரோ வீட்டை விற்ற கதை

மே மாதம் தொடங்கி அக்டோபர் கடைசிவரை, சனிக்கிழமை என்றால் எங்கள் கிரேக்கக் கடலோர ஊரில் ஆர்கிரோ அத்தையிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். காலையில் ஒரு குடும்பம் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும். சாயங்காலம் அடுத்த குடும்பம் வந்து இறங்கும். நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் நான்கு படுக்கையறைகள், மூன்று குளியலறைகள், நீச்சல்குளம், கடலைப் பார்த்த கல்தளம் எல்லாம், அதற்கு முன் யாருமே அங்கே இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிட வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த வேலையை அவர் ஒருவரே செய்துவந்தார்.

வீடு அவருடையது. ஆனால் அவர் இருந்தது பின்பக்கம், சலவை இயந்திரத்தை ஒட்டிய சின்ன அறையில். கோடையில் பெரிய வீட்டில் விருந்தினர்கள். குளிர்காலத்தில் அதைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது. விருந்தினர்கள் விட்டுப்போன பாதி ஜாம், பாதி கடுகுச் சாந்து, பிரிக்காத பாஸ்தா பொட்டலங்கள் எல்லாம் அவருடைய சமையலறைக்கு வந்துவிடும்.

"நான் இத்தனை வருஷமா அடுத்தவங்க ஃப்ரிட்ஜ்லேருந்துதான் சாப்பிடுறேன். ஐரோப்பாவுல எனக்குத் தெரியாத கடுகு கிடையாது" என்பார்.

விருந்தினர்கள் எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. குழந்தைக்குத் தொட்டில், நாய்க்குப் படுக்கை, போகும் நாளில் கூடுதலாக ஒரு மதியம், எல்லாவற்றுக்கும் சரிதான். ஊருக்குப் போனதும் அவர்கள் இணையத்தில் நட்சத்திரம் போடுவார்கள். ஒரு நட்சத்திரம் குறைந்தால் அடுத்த கோடையில் ஒரு வாரம் வீடு காலியாகக் கிடக்கும் என்று ஆர்கிரோ பயந்தார். "ஆர்கிரோ ஒரு தேவதை" என்று பல மொழிகளில் எழுதியிருந்தார்கள். தேவதைக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன.

அறுபத்தோரு வயதில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். நிறுத்த வேண்டும். வீட்டை விற்றுவிட்டு, கலமாதா நகரத்தில் மகள் வாசோவின் தெருவிலேயே, லிப்ட் இருக்கும் கட்டடத்தில் இரண்டு அறை வாங்க வேண்டும்.

"சன்னல்லேருந்து கடல் தெரியக் கூடாது. தெரிஞ்சா யாராவது வாடகைக்குக் கேப்பாங்க" என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார்.

போன செப்டம்பரில் ஆள் கிடைத்தது. யோரிஸ், லீஸ்பெத் என்று ஒரு பெல்ஜியத் தம்பதி. மூன்று கோடைகள் அந்த வீட்டில் வந்து தங்கியவர்கள், நல்ல மாதிரி. வீடு விற்பனைக்கு வருகிறது என்பதை அவர்களுக்குச் சொன்னவர் மாந்தோஸ். அவர் துறைமுகத்தில் காபிக்கடை வைத்திருக்கிறார். கடையின் ஐஸ்கிரீம் பெட்டிமேல் வீடுகளின் படங்களை ஒட்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றும் தருவார்.

என் தாத்தா பெல்ஜியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் பதினாறு வயதுவரை அங்கே படித்துவிட்டு இங்கே வந்து மீதியை முடித்தேன். அதனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் வீடு வாங்க வந்தால், பத்திரம் பதியும் நோட்டரி என்னைக் கூப்பிடுவார். கிரேக்கம் தெரியாத ஒருவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இங்கே கையெழுத்துப் போட முடியாது.

பெல்ஜியக்காரர்களின் வக்கீல் நிலத்தைச் சரிபார்த்துவிட்டு ஒரு வாரத்தில் செய்தி அனுப்பினார். வீடு நிற்கும் நிலம் ஆர்கிரோவின் பெயரில் இல்லை, அவருடைய தம்பி பனாகோஸின் பெயரில் இருக்கிறது என்று.

ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அக்காவும் தம்பியும் நிலத்தை மாற்றிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத்தான் தெரியாமல் இருந்தது.

எங்கள் பக்கம் கடலோரத்து நிலத்தை மகள்களுக்குக் கொடுப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். உப்புக் காற்றில் எதுவும் விளையாது. ஆடுகூட மேயாது. நல்ல ஆலிவ் தோப்பு மகனுக்குப் போகும். ஆர்கிரோவின் அப்பா மகள்மேல் உயிராக இருந்தவர். அதனால் மாற்றிக் கொடுத்தார். மலைச்சரிவில் இருந்த தோப்பை ஆர்கிரோவுக்குச் சீதனமாக எழுதினார். எப்போதும் படகிலேயே கிடந்த பனாகோஸுக்குக் கடலோரத்துக் கல்லும் முள்ளும் போயிற்று.

பிறகு ஆர்கிரோ ஸ்டாவ்ரோஸ் என்ற கொத்தனாரைக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஆலிவ் பிடிக்காது, கல் பிடிக்கும். பனாகோஸுக்குக் கல்யாணம் ஆனதும் மாமனார் வீட்டில், தோப்பு இல்லாத மாப்பிள்ளையா என்று முகத்தைச் சுளித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் கை குலுக்கி நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். பத்திரம் எழுதவில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் நோட்டரியிடம் போனால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. இங்கே பாதி ஊர் இப்படித்தான் ஒருவர் நிலத்தில் இன்னொருவர் வீடு கட்டி இருக்கிறது.

எண்ணெயைக் கொடுத்துக் கல்லை வாங்கினாள் என்று அப்போது ஆர்கிரோவைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு பனாகோஸைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதை ஒரு பொருட்டாக நினைத்ததாகத் தெரியவில்லை. அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தியது வேறு விஷயத்துக்காக.

பனாகோஸ் விடியற்காலையில் மீன்பிடித்துவிட்டு அந்த வீட்டின் கல்தளம் வழியாகத்தான் ஏறி வருவார். ஆக்டோபஸ் கிடைத்தால் அது மிருதுவாகும்வரை அந்தக் கல்லிலேயே அடித்துத் துவைப்பார், அதுவும் உள்ளாடையோடு. ஒரு ஜெர்மன் அம்மாள் அந்தச் சத்தத்தில் எழுந்து மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் புகார் சொன்னார். ஆக்டோபஸை வேறு எங்காவது போய் அடி என்று ஆர்கிரோ தம்பியிடம் சொல்லிவிட்டார். பனாகோஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன.

இப்போது அவர் கையெழுத்து வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்காகும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கோடை உண்டு.

மாந்தோஸ் ஒரு யோசனை சொன்னார். "அவன் காய் பறிக்கிற தோப்பு இன்னும் உன் பேர்லதானே இருக்கு? இந்த அறுவடைக்கு நீ போய் மரத்தடியில வலையை விரி. தானா ஓடிவந்து கையெழுத்துப் போடுவான்."

"நீ போய் விரி. எனக்குக் குனிய முடியாது" என்றார் ஆர்கிரோ.

நவம்பரில் அவர் என்னைக் கூப்பிட்டார். "மிர்சினி, மலைக்கு என்கூட வரியா?"

"பனாகோஸ் மாமாவைப் பாக்கவா? அவருக்குக் கிரேக்கம் தெரியுமே, அத்தை."

"தெரியும். ஆனா எங்களுக்குள்ள பேச்சு கிடையாதே."

தோப்பில் வலைகளை விரித்து, நீளக் கம்பு வைத்த இயந்திரத்தால் பனாகோஸ் கிளைகளை உலுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஆர்கிரோ வலையை மிதிக்காமல் அதன் ஓரத்தில் நின்றார்.

"நான் வந்திருக்கேன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

பனாகோஸ் இயந்திரத்தை அணைத்தார். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. என்ன வேணுமாம்னு கேளு."

"நோட்டரிகிட்ட வந்து ஒரு கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லு."

"அப்ப ஊரையே வந்து போடச் சொல்லு."

நான் நடுவில் நின்றேன். இரண்டு பேருக்கும் தெரிந்த மொழியை இரண்டு பேருக்கும் திருப்பிச் சொல்வது எனக்கு முதல் தடவை. பனாகோஸின் மனைவி வலையில் உட்கார்ந்து இலைகளைப் பொறுக்கியபடி தலையைத் தூக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப் போறவங்க எப்படியாம்?" என்று பனாகோஸ் என்னைக் கேட்டார். "அந்தக் கல்லுல ஆக்டோபஸ் அடிச்சா அவங்களுக்கும் தூக்கம் கெடுமா?"

ஆர்கிரோ நிற்க முடியாமல் பக்கத்தில் கிடந்த ஆலிவ் மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவினார்.

"அவன்கிட்ட சொல்லு, மிர்சினி. அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான். அந்தப் பொம்பளை நட்சத்திரத்தைக் குறைச்சிடுவாளோன்னு பயம்."

"கூடப்பிறந்தவனவிட நட்சத்திரம் பெருசாப்போச்சான்னு கேளு."

"ஆமான்னு சொல்லு. அந்த வருஷம் பெருசாத்தான் போச்சு. ஸ்டாவ்ரோஸ் செத்து ஏழு மாசம். வாசோ காலேஜ்ல. வீடு ஒரு வாரம் காலியா கெடந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. இப்பவும் அதே கதைதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைத் திறக்கறப்ப, இதை என்னால முடிக்க முடியாதுன்னு தோணுது. எப்படியோ முடிச்சிடுறேன். அதுக்கப்புறம் அடுத்த சனிக்கிழமை வந்துடுது. இதை நிறுத்தணும்டா. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கடைசி இரண்டு வரிகளை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

பனாகோஸ் கம்பைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எந்திரிக்கச் சொல்லு அவங்கள. அந்த மூட்டை ஈரமா இருக்கு" என்றார்.

கையெழுத்து நாளன்று பனாகோஸே தன் பிக்கப்பில் எங்களை மலைமேல் இருக்கும் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். முன்னிருக்கையில் நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர்கள் மழையைப் பற்றி என்னிடம் பேசினார்கள்.

நோட்டரி திருமதி கிரிசூலாவின் அலுவலகம் இரண்டாவது மாடியில். லிப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆர்கிரோ நின்றார். பெல்ஜியத் தம்பதி முன்பே வந்திருந்தார்கள். லீஸ்பெத் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். மாந்தோஸ் இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

முதலில் அக்கா தம்பி நிலமாற்றப் பத்திரம். எங்கள் ஊரில் நோட்டரி முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசித்தாக வேண்டும். கிரிசூலா ஒரே மூச்சில் வாசித்தார். கடலோரத்து நிலம் ஆர்கிரோவுக்கு, தோப்பு பனாகோஸுக்கு.

"தோப்புல மூணு மரம் பட்டுப்போச்சு. அதுக்கு நஷ்டஈடு கேப்பாங்களான்னு அவங்ககிட்ட கேளு" என்றார் பனாகோஸ், பேனாவை எடுத்தபடி.

"கணக்குப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்னு சொல்லு" என்றார் ஆர்கிரோ.

இருவரும் கையெழுத்திட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அன்றுதான் முடிந்தது.

அடுத்து விற்பனைப் பத்திரம். அது பெரியது. கிரிசூலா ஒரு வரி வாசிக்க, நான் அதைப் பெல்ஜியக்காரர்களுக்கு அவர்களுடைய ஃப்ளெமிஷில் சொல்ல வேண்டும். எல்லைகள், சுவர்கள், கிணறு, குளத்தின் ஆழம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஹீட்டர் சூட்டில் அறை மந்தமாக இருந்தது. நாலாவது பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆர்கிரோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். கைப்பை மடியில், வாய் லேசாகத் திறந்திருந்தது.

கிரிசூலா வாசிப்பதை நிறுத்தினார். விற்பவர் விழித்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

"கொஞ்ச நேரம் விடுங்கம்மா" என்றார் பனாகோஸ்.

லீஸ்பெத் ஆர்கிரோவைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "பாவம், ரொம்பக் களைச்சுப்போயிருக்காங்க. நாங்க வந்தப்புறம் இவ்வளவு கஷ்டம் இருக்காதுன்னு சொல்லு. நாங்க வருஷத்துல ரெண்டு மாசம்தான் வருவோம். மத்த நேரம் வாடகைக்கு விடுவோம். சனிக்கிழமை சுத்தம் பண்றது மட்டும் அவங்க பாத்துக்கிட்டாப் போதும்."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "ஆர்கிரோ அத்தை கலமாதாவுக்குப் போறாங்களே" என்றேன்.

யோரிஸ் நிமிர்ந்தார். "மாந்தோஸ் அப்படிச் சொல்லலையே. ஆர்கிரோ வீட்டோடயே இருப்பாங்க, அவங்களும் சேர்த்துத்தான்னு சொன்னாரு. அதனாலதான் பக்கத்து வளைகுடாவுல பாத்த வீட்டை வேண்டாம்னு விட்டோம்."

ஆர்கிரோ கண்ணைத் திறந்திருந்தார். தன் பெயர் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேறென்ன செய்வது, அதுதான் என் வேலை.

மாந்தோஸ் ஆர்கிரோவின் காதருகே வந்தார். கிரேக்கத்தில்தான் பேசினார், ஆனாலும் குரலைத் தாழ்த்தினார். "இப்ப சரின்னு சொல்லிடு, ஆர்கிரோ. கையெழுத்து ஆகட்டும். கிறிஸ்மஸ் போனப்புறம் முழங்கால் வலி, டாக்டர் வேண்டாங்கறாருன்னு சொல்லிக்கலாம். உன்னை என்ன பண்ணிடுவாங்க? எல்லாரும் பண்றதுதானே."

எல்லாரும் செய்வதுதான். எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். ஆர்கிரோவின் முகத்தைப் பார்த்தேன். விருந்தினர் தொட்டில் கேட்கும்போது வரும் அந்தச் சிரிப்பு மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒரு சரி சொல்லிவிட்டால் வீடு விற்றுப்போகும். ஆனால் அவரால் ஒருவரிடம் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த மே மாதம் கலமாதாவிலிருந்து பஸ் ஏறி வந்து படுக்கைவிரிப்பை மாற்றிக்கொண்டிருப்பார். அது அந்த அறையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மிர்சினி" என்றார் பனாகோஸ், சுவரைப் பார்த்தபடி. "அவங்க கலமாதாவுக்குப் போயி சனிக்கிழமை என்ன பண்ணப் போறாங்களாம்? கேளு."

"தூங்கப் போறேன்டா" என்றார் ஆர்கிரோ, நேராக அவரிடம்.

பனாகோஸ் சுவரிலிருந்து திரும்பி அக்காவைப் பார்த்தார்.

பிறகு என்னிடம், "இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லு. மரியாதையா சுத்தி வளைச்சுச் சொல்லாதே. நீ அப்படிச் சொல்ற ஆளு" என்றார்.

இல்லை என்றேன். அந்தத் தம்பதியின் மொழியில் அது ஒரே அசை.

லீஸ்பெத்தின் முகம் சிவந்தது. யோரிஸ், ஒரு நிமிடம் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி மனைவியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர்கள் குடையில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று பேசுவது தெரிந்தது.

"கெடுத்துட்டியே" என்றார் மாந்தோஸ். "ரெண்டு வருஷமா தேடிப் புடிச்ச ஆளுங்க. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை உன்னால சொல்ல முடியலை."

ஆர்கிரோவின் விரல்கள் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தன. "போயிட்டாங்கன்னா என்னடா பண்றது?" என்று தம்பியைக் கேட்டார்.

"போனா போறாங்க. அடுத்த வருஷம் இன்னொருத்தன் வருவான்."

"அடுத்த வருஷம்னா இன்னொரு கோடை, பனாகோஸ்."

கிரிசூலா எல்லோருக்கும் காபி சொன்னார்.

பெல்ஜியக்காரர்கள் திரும்பி வந்தபோது யோரிஸின் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. உட்கார்ந்தார். "அவங்க இல்லைன்னா வேற யார் பாத்துக்குவாங்க? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் மாந்தோஸ், "என் பொண்டாட்டி பாத்துக்குவா" என்றார். "போட்டினி. வேலைல தங்கம்."

"அவளைக் கேட்டியா?" என்றார் ஆர்கிரோ.

"கேக்க என்ன இருக்கு?"

"இப்பக் கேளு."

மாந்தோஸ் கைபேசியை எடுத்தார். போட்டினி பேசியது மேசையின் அந்தக் கோடிவரை கேட்டது. கடையில் பாத்திரம் கழுவுவது யார், உன் அம்மாவுக்கு ஊசி போடுவது யார், உனக்கு இன்னொரு வீடு வேறு சுத்தம் பண்ண வேண்டுமா, நீ வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்று. மாந்தோஸ் காதிலிருந்து கைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றாளாம்" என்றார்.

லீஸ்பெத்துக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். யோரிஸும் சிரித்துவிட்டார். கலமாதாவில் இந்த வேலைக்கென்று ஆட்கள் வைத்திருப்பவர்கள் உண்டு, வேன் வைத்து வருவார்கள் என்று கிரிசூலா சொன்னார். ஆர்கிரோவுக்கு ஆகும் செலவைவிட அதிகம் ஆகும் என்று யோரிஸ் வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு, "வாசிங்க" என்றார்.

மீதிப் பக்கங்களை கிரிசூலா வாசித்தார். இந்த முறை ஆர்கிரோ விழித்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கையெழுத்திட வேண்டும். அவர் அவசரப்படாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதினார்.

சாவிகளை வாங்கியபோது லீஸ்பெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க எதுவும் தப்பாக் கேட்டுடலையேன்னு கேளு" என்றார் என்னிடம்.

ஆர்கிரோ யோசித்தார். "இல்லை. நல்லாத்தான் கேட்டீங்க. எல்லாருமே நல்லாத்தான் கேட்டாங்க" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். லீஸ்பெத் கையை விடவில்லை.

பனாகோஸ் வண்டியை எடுக்க முன்னால் போய்விட்டார். நானும் ஆர்கிரோவும் படியிறங்கினோம். முதல் மாடித் திருப்பத்தில் அவர் சுவரைப் பிடித்தபடி நின்றார், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. மேலிருந்து இறங்கி வந்த மாந்தோஸ் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்.

கீழே தெருவில் பிக்கப்பின் ஹாரன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது.

"இருடா" என்றார் ஆர்கிரோ, கீழே கேட்காத குரலில்.

நான் திருப்பத்துச் சன்னலைத் திறந்து, அத்தை உட்கார்ந்திருக்கிறார் என்று கையால் சைகை காட்டினேன். பனாகோஸ் மழைக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.